இம்ரோ முதலாளி

எங்கள் ஸ்லோவாக்கியாவில் ஒரு கம்பெனி தொடங்குவது பழைய கார் வாங்குவதைவிடச் சுலபம், ஐயா. இரண்டு படிவம், ஒரு முகவரி, நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்து. இருபது வருடமாக கோஷிட்சே நகரில் இதுதான் என் தொழில்.

சில வாடிக்கையாளர்கள் தங்கள் பெயர் காகிதத்தில் வர வேண்டாம் என்பார்கள். அவர்களுக்காக வேறொருவரை முதலாளியாகப் போடுவோம். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவரை வெள்ளைக் குதிரை என்போம். ரயில் நிலையத்தில் இலவச சூப்புக்கு நிற்கும் வரிசையில்தான் தேடுவேன். நன்றாக இருமுகிறவராகப் பார்த்து எடுப்பேன். நாளைக்கு விசாரணை வரும்போது முதலாளி கல்லறையில் இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. கடைசி மாதங்களில் அவர்களுக்குச் சூடான அறையும் சாப்பாடும் கொடுத்தேன். வேறு யார் கொடுத்தார்கள்?

இம்ரோவும் அப்படி வந்தவர்தான். சவரம் செய்து, சட்டை மாட்டி, நோட்டரி அம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"எதுல கையெழுத்துப் போடுறீங்கன்னு தெரியுதா?" என்று அவர் வழக்கம்போல் கேட்டார்.

"தெரியாம என்னம்மா? நேத்து வரைக்கும் பிளாட்பாரம், இன்னிக்கு முதலாளி. வேலை கேட்டு என்கிட்ட வந்துராதீங்க," என்றார் இம்ரோ. அந்த அம்மா சிரித்துவிட்டார்.

ஊருக்கு வெளியே என் தோட்ட வீட்டில் தங்கவைத்தேன். என் கெட்ட நேரம், தேறிவிட்டார். இருமல் நின்றது. அதோடு விட்டாரா? கம்பெனி முகவரிக்குப் போய்த் தபால் பெட்டியில் தன் பெயரை ஒட்டினார். பதிவுத் தபால்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். இதுவரை எந்த வெள்ளைக் குதிரையும் தபாலைப் பிரித்ததில்லை.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை நான் தோட்ட வீட்டுக்குப் போனபோது, கடிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சினியர் சார்," என்றார். படித்தவனை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்பார்கள். "நம்ம கம்பெனி வித்த காஸ் கணப்பு புகை கக்குதாம். ஒரு வீட்ல புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் தூக்கத்துலயே போயிட்டாங்க. இன்னும் நாப்பது வீட்ல அது எரிஞ்சிட்டிருக்கு."

"நான் பாத்துக்கறேன், இம்ரோ."

"நீங்க எதுக்கு? முதலாளி நான்ல? நாளைக்கே போலீஸ்ல போய் உள்ளத உள்ளபடி சொல்லிர்றேன்."

உள்ளதைச் சொன்னால் என் பெயரும் வெளியே வரும். ஆனால் குரலை உயர்த்தவில்லை. போலீஸ் நிலையத்துக்குக் கிழிந்த ஷூவோடா போவீர்கள், கொடுங்கள், தைத்துக்கொண்டு காலையில் வந்து நானே கூட்டிப்போகிறேன் என்றேன். அவரே கழற்றிக் கொடுத்து, நன்றியும் சொன்னார். போனை சார்ஜ் ஏற்றித் தருவதாக வாங்கிக்கொண்டேன். அறையைச் சூடாக்கும் காஸ் சிலிண்டரையும் மாற்றிவருவதாகச் சொல்லிக் காரில் ஏற்றினேன். முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. குளிர்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. பெரிய சாலைக்கு நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அன்றைக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி வரை இறங்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்துதான் கிளம்பினேன்.

திங்கட்கிழமைதான் திரும்பினேன். வாசலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தாண்டிக் கிடந்தார். ஜன்னல் திரையைக் கிழித்துக் காலில் சுற்றியிருந்தார். கடிதக் கட்டு சட்டைக்குள் நனையாமல் இருந்தது. அதை எரித்தேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். இவருக்கு முன்னால் இருந்த நான்கு பேரும் எனக்கு ஒரு கஷ்டமும் கொடுக்காமல் தாங்களாகவே போய்ச் சேர்ந்தார்கள். இவர் ஒருவர்தான் என்னை இப்படிச் செய்யவைத்தார்.