தினுஷாவின் இரண்டு விரல்கள்

சோயா மாவைக் கட்டிபடாமல் கரைப்பதற்குப் பொறுமை வேண்டும், ஐயா. எனக்கு அது நிறையவே இருக்கிறது.

சீனன்குடாப் பக்கம் இருக்கிற எங்கள் தொழிற்சாலையில் சோயாப் புரதத்திலிருந்து பிளைவூட் பலகைக்குப் பசை காய்ச்சுகிறோம். பசை தண்ணியாக இருந்தால் பலகை குடித்துவிடும், தடித்தால் பரவாது. அந்தத் தடிப்பை அளப்பதுதான் ஆய்வுகூடத்தில் என் வேலை. கரைசலின் சூடு ஒரு நிலைக்கு வந்து, நுரை அடங்கும் வரை காத்திருப்பேன். பிறகு இயந்திரத்தின் சுழல்தண்டை இறக்கி, எண் அசையாமல் நின்றதும் எழுதுவேன்.

தினுஷா வந்த பிறகு ஒருவரும் காத்திருக்கவில்லை. அவளும் என்னைப் போலப் படித்தவள்தான், வயதில் இளையவள். கரைசலில் இரண்டு விரலைத் தோய்த்துப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தே எண்ணைச் சொல்லிவிடுவாள். இயந்திரமும் அதையே சொல்லும். மேலாளர் நௌபர் வாய்நிறையச் சிரிப்பார். என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அது பொறாமைதான், வேறு பெயர் வைக்க மாட்டேன்.

அன்று பசை வாங்குகிறவர்கள் கொழும்பிலிருந்து வந்திருந்தார்கள்.

"தினுஷா, உங்கட விரல் வித்தையை இவையளுக்கு ஒருக்காக் காட்டுங்கோ," என்றார் நௌபர். "சீலா, நீங்கள் கரைசலை எடுத்து வையுங்கோ."

புரதம் கரைவதற்குக் கோஸ்டிக் சோடா என்கிற காரம் கொஞ்சம் சேர்ப்பது எங்கள் வழக்கம். அன்று நான் கனக்கச் சேர்த்தேன். பசை இளகிப்போகும், வழுவழுப்பில் விரல் ஏமாறும், அவள் சொல்கிற எண் பிழையாகும், எல்லோரும் பார்ப்பார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

கோஸ்டிக் பட்டவுடன் சுடாது. தோலில் வழுவழுவென்று நல்ல பசை போலத்தான் இருக்கும். அவள் யோசனையோடு தேய்த்தாள்.

"இண்டைக்கு என்னவோ வேற மாதிரிக் கிடக்கு, சீலா அக்கா."

"ஆறுதலாப் பாருங்கோ, பிள்ளை," என்றேன்.

அவள் இன்னும் தேய்த்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். முகம் மாறிய பிறகுதான் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். முதலில் தண்ணீர் ஊற்றியது நான் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்று மட்டும் நான் ஏன் இரட்டைக் கையுறை போட்டிருந்தேன் என்று கேட்கிறீர்கள். அது பாதுகாப்புக்கு, ஐயா.

விரல் நுனிகளில் இனி உணர்ச்சி திரும்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேற்று ஆசுபத்திரிக்குத் தோடம்பழம் கொண்டு போனேன். அவளில் எனக்கு இப்போது ஒரு கோபமும் இல்லை. சுகமாகி வரட்டும். இனி அவளும் இயந்திரத்தில்தான் அளக்க வேண்டும், பக்கத்தில் இருந்து நானே சொல்லிக் கொடுப்பேன்.