சொன்னபடி போட்ட பதில்

எனக்கு வயது முப்பத்து நான்கு. மேற்படி முகவரியில் இரண்டாம் மாடியில் கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நான் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் ஆய்வாளர்கள் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் தரும் வேலை செய்கிறேன். கணவர் அதை வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை, பட்டன் தட்டுவது என்பார்.

சம்பவத்தன்று மாலை குடும்ப உறவுகள் பற்றிய ஓர் ஆய்வு வந்தது. கணவர் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆகையால் வீட்டில் திட்டுவது, மிரட்டுவது, வெளியே போக விடாதது என்று வந்த எல்லாக் கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றே போட்டுக்கொண்டு வந்தேன். அதன் பிறகு 'என் கணவர் என்னை அடிக்கிறார்' என்று ஒன்று வந்தது. அதன் கீழேயே, நான் கவனமாகப் படிக்கிறேனா என்று அறிவதற்காக இதற்கு மட்டும் 'அடிக்கடி' என்பதைத் தேர்ந்தெடுக்கும்படி எழுதியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவர்களைப் பிடிக்க நடுவில் இப்படி ஒன்று வைப்பார்கள். அதில் மாட்டினால் மொத்தப் பதிலையும் தள்ளிவிடுவார்கள். நான் மாட்டியதே இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சொன்னபடி 'அடிக்கடி' என்று போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் எட்டிப் பார்த்தார். மேல் வரியையும் என் பதிலையும் மட்டும் படித்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சொல்றியா? நான் உன்ன அடிக்கடி அடிக்கிறேனா?" என்று கேட்டார். "கீழ போட்டிருக்கறதையும் முழுசாப் படிங்க" என்று கைபேசியை நீட்டினேன். அவர் கைபேசியை வாங்காமல் நீட்டிய கையைப் பிடித்து முறுக்கியதில் மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு உள்ளேயிருந்து மாமியார் வந்து முதலில் டிவியை நிறுத்தினார். எதிர் வீட்டு நர்ஸ் அக்காதான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

இன்று காலை மாமியார் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கேள்வி அனுப்பினவங்க சொல்லித்தான் போட்டேன், நெஜமில்லன்னு போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அவன விட்டுடுவாங்க" என்று அழுதார். மாமியார் மீது எனக்குக் கோபமில்லை, பெற்ற மனம். அவர் சொன்னதில் முதல் பாதி சரி, அதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிலை அவர்கள் சொல்லித்தான் போட்டேன். மற்ற பதில்களை நானாகப் போட்டேன், அவை அத்தனையும் பொய். அந்த ஒன்றுதான் உண்மை.

இந்த வாக்குமூலத்தைப் போலீசார் எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, மாற்ற எதுவுமில்லை. வலது கையில் கட்டு இருப்பதால் இடது கையால் ஒப்பமிடுகிறேன்.