ஒருவருக்கு மட்டும் கடலூர்

— அந்தப் போனை உள்ள வையுங்கோ, பூர்ணா. படம் எடுக்கக் கூடாதெண்டு முதலே சொன்னனான்.

— எடுக்கல, உருத்திரமூர்த்தி அங்கிள். இதோ, பைக்குள்ள போட்டுட்டேன்.

— இது இந்தியாவில இருந்து தப்பிப் போன ஆக்கள், வெள்ளைக்காரனை விரட்டவெண்டு பாரிசில அடிச்ச பத்திரிகை. நூறு வருசத்துக்கு மேல. ஆராய்ச்சிக்காரர் முதல்ல கட்டுரையைத்தான் வாசிப்பினம். நீங்கள் வந்து இருந்த உடன, பத்திரிகை வாங்கின ஆக்களின்ர விலாசக் கொப்பியைத் தூக்கிறியள்.

— அதுல ஒரு பேரைத் தேடறேன். அவ்வளவுதான்.

— பேர் தேடுற ஆக்களை நான் கண்டனான், பிள்ளை. எண்பத்தாறில நாங்களும் இங்க மொன்றியல்ல பத்திரிகை அடிச்சு ஊருக்கு அனுப்பினனாங்கள். எங்கட விலாசக் கொப்பியை ஆரோ ஆமிக்குக் குடுத்திட்டினம். நாலு பெடியளைக் கொண்டு போனாங்கள். ஒருத்தனும் திரும்பி வரேல்லை.

— யார் குடுத்தாங்கன்னு தெரிஞ்சுதா?

— இல்லை. என்ர தம்பி ஆமிக் காம்பில பிடிபட்டுக் கிடந்த நேரம் அது. அவனை மட்டும் விட்டாங்கள். அதை விடுங்கோ. உங்களை ஆர் அனுப்பினது?

— யாரும் அனுப்பல. டோர்வல் ஊர்ல உங்ககூட வேலை பார்த்த ரதீசன்தான் இந்தப் பழைய பத்திரிகைப் பெட்டியைப் பத்திச் சொன்னார்.

— அவனுக்கு வாய் சும்மா கிடவாது. லவால் ஊரில கத்தரின் எண்ட கிழவி வீட்டுச் சாமான் விக்கேக்க வாங்கினது. அவவின்ர பாட்டன்தான் பாரிசில இதை அச்சடிச்சுக் குடுத்தவராம். சரி, என்ன பேர்?

— சுப்பராயன். என் கொள்ளுத்தாத்தா.

— ஓகோ! பக்கத்தைக் கிழிச்சுக்கொண்டு போக வந்தனீங்களோ?

— கிழிக்கவா? எனக்கு அது முழுசா வேணும், அங்கிள். அடுத்த மாசம் ஊர்ல அவருக்குத் தியாகின்னு சிலை திறக்கறாங்க. அந்தக் காலத்துல பத்திரிகைக் கட்டு எந்தக் கப்பல்ல வந்தாலும் போலீஸ் காத்திருந்துச்சு. ஆறு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அவர் மட்டும் போகல. சின்ன வயசுலேர்ந்து எனக்கு உறுத்துது. அவர் பேருக்கு எதிர்ல என்ன இருக்கு?

— எல்லாப் பேருக்கும் எதிர ஒரு ஊர் எழுதிக் கிடக்கு. நாகப்பட்டினம், தூத்துக்குடி... ஒண்டும் விளங்கேல்லை.

— ஆசிரியர் வச்ச பொறி அது. கடைசி இதழ்ல அவரே எழுதியிருக்கார். அடுத்த கட்டு எங்க இறங்கும்னு ஆளுக்கொரு துறைமுகம் சொல்லி லெட்டர் போட்டாராம். கட்டே அனுப்பல. போலீஸ் கடலூர்ல போய் நின்னுச்சு. மாட்டின ஆள் பேரை மட்டும் அவர் போடல.

— கடலூர்... சுப்பராயனுக்கு நேர. வேற ஒருத்தருக்கும் கடலூர் இல்லை.

— போதும். சிலையை நிறுத்திடுவேன்.

— சொந்தக் கொள்ளுத்தாத்தாவை எல்லோ காட்டிக் குடுக்கிறியள்?

— அந்த ஆறு பேருக்கும் வீடு வாசல் இருந்துச்சு, அங்கிள். அவங்க பிள்ளைங்க இன்னும் அந்த ஊர்லதான் இருக்காங்க.

— போனை வெளிய எடுங்கோ. படம் எடுங்கோ.

— ரொம்ப தேங்க்ஸ். ஏன் திடீர்னு மனசு மாறிட்டீங்க?

— எங்கட ஆசிரியருக்கு இப்பிடியொரு யோசனை வரேல்லை, பிள்ளை. வந்திருந்தா அண்டைக்கே என்னைப் பிடிச்சிருப்பார்.