நடுங்கும் முள்

ராமச்சந்திராபுரத்திலிருந்து செகந்திராபாத் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் தொழிற்சாலைச் சீருடையணிந்த ஒருவரும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தனர். அந்த அம்மாளின் மடியில் மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரின் புட்டி இருந்தது.

"இதை அப்படியே என் கைக்குள்ள ஊத்திடு, ஸ்டெல்லா" என்றார் அவர்.

"நக்கோ, வேணாம். இது கல்யாண கேக்குக்கு. ஐசிங் கல்லாட்டம் இறுகாம இருக்கணும்ல?"

"லேபிள்ல மருந்துத் தரம், ஐ.பி.னு போட்டிருக்கா? எங்க ஃபேக்டரி டிரம்ல வர்றது வாயில வைக்க ஆகாது."

"ஹவ், ஆமா, பாத்துத்தான் வாங்கினேன். அதை வச்சு நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"பிரஷர் கேஜுக்குள்ள நிரப்புவோம். மிஷின் அதிர்ந்தா முள்ளு படபடன்னு ஆடும், ரீடிங் எடுக்க முடியாது. கிளிசரின் தேனாட்டம் கொழகொழன்னு இருக்கும்ல, முள்ளை ஆடவிடாது."

தம் வலக்கையைப் பார்த்துக்கொண்டார். அது முழங்கால்மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். சர்ச்சே பாக்கும். உன் தம்பியைப் போகச் சொல்லிடலாமா?"

"நேத்தே அவகிட்ட கேட்டுட்டேங்க."

"என்ன சொன்னா?"

"'என் கையும்தான் நாளைக்கு நடுங்கப்போகுது. அப்பாவை இறுக்கிப் பிடிச்சுக்கச் சொல்லு'ன்னா."



"இறங்குற வரைக்கும் இதைப் பிடிங்க" என்று புட்டியை நீட்டினார் அந்த அம்மாள்.

அவர் அதை வலக்கையிலேயே வாங்கிக்கொண்டார். கை நடுங்கியது, புட்டிக்குள் கிளிசரின் மெல்லத்தான் அசைந்தது.