எடித்தா இரண்டு தடவை வந்தாள்

பேய்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். எங்கள் மாலிபாகோ ஊரில் புதிதாகச் செத்துப்போகிறவர்கள் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எந்தத் தெருவில் உலாவலாம், எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டில் சுலபமாகப் பயப்படுவார்கள் என்று என்னிடம் விசாரித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். போன மழைக்காலத்தில் கூட்டம் தாங்காமல் வரிசையில் நிற்க வைத்தேன். ஆளுக்கு ஒரு கோப்பை இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். அதில் ஒருவர் சர்க்கரை போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார்.

இதை நான் சொன்னது ஃபெலிமோன் கிழவர் இறந்த மூன்றாம் இரவில். டிசம்பர் மாதம். பிணத்தைத் தனியே விடக்கூடாது என்பதால் அவர் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் கட்டி, சீட்டாடிக்கொண்டும் கடலை உரித்துக்கொண்டும் கண் விழித்திருந்தோம். உள்ளே பெட்டியில் ஃபெலிமோன். உயிரோடு இருந்தபோது என் கதை பாதியிலேயே தூங்கிவிடுவார். அன்றைக்குத்தான் முழுவதும் கேட்டார்.

நள்ளிரவு தாண்டியதும் எல்லோர் தலையும் ஆடத் தொடங்கியது. கிழவரின் மனைவி பாசிங் என்னிடம் காப்பியை நீட்டி, நாற்பது வருஷம் கப்பலில் சமைத்த மனுஷனுக்கு ஒரு கதைக்கு உப்புப் போடத் தெரியாதா என்று இடித்தாள். சாவு வீட்டுக்காரி கேட்டால் மறுக்கலாமா? தொண்டையைச் செருமினேன். என் கூட்டாளி இசிட்ரோவின் அண்ணன் மகள் ஒருத்தி, எடித்தா என்று பெயர்...

அவ்வளவுதான். எல்லாத் தலையும் சீட்டு மேசைப் பக்கம் திரும்பியது. எடித்தாவின் புருஷன் நெஸ்தோர் அங்கேதான் கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தான். எடித்தா சைப்ரஸில் இருக்கிறாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்தக் கதை ஊருக்கே தெரியும். நடக்கவே இல்லை என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நெஸ்தோர் ஒருவன்தான்.

“பொய் சொல்ல வேற வீடு கிடைக்கலையா, மாங் கார்டிங்?” என்று என்னைக் கேட்டான், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். வயதானவர்களை இங்கே மாங் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

“இருக்கு. ஆனா மத்த வீட்டுக்கெல்லாம் ஒரு பொண்டாட்டிதான் வந்தா.”

பெண்கள் சிரித்தார்கள். அவன் ஒரு சீட்டை இறக்கினான். நான் தொடர்ந்தேன்.

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. நெடுஞ்சாலை முக்கில் மணிலா பேருந்து ஒரே ஒருத்தியை இறக்கிவிட்டுப் போனது. டீசல் புகை அடங்கியது... அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கொப்பரை வாட்டும் புகை மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. அங்கிருந்து ஊருக்குள் வர ஒரே பாதை. இரண்டு பக்கமும் தென்னை. விளக்கு கிடையாது. அந்தப் பாதையில் நான் ஒரு தடவை என் நிழலிடமே வழி கேட்டிருக்கிறேன். தனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டது.

எடித்தா கடைசியாக ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. சைப்ரஸில் அவள் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் இறந்துவிட்டார். அடுத்த வேலைக்கு முன்னால் கொஞ்ச நாள் கிடைத்தது. யாருக்கும் சொல்லாமல் புறப்பட்டாள். கிறிஸ்மஸுக்கு முந்திய நாட்களில் விடியற்காலைப் பூசைக்கு ஊரே இருட்டில் எழுந்துவிடும். அந்த நேரத்தில் வாசலில் போய் நிற்க வேண்டும். மகள் ஜோய்லின் பார்த்துவிட்டுக் கத்த வேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஆறு வருஷமாக அவள் மனதில் சேர்த்து வைத்திருந்தது அந்த ஒரு கத்தலைத்தான்.

முக்கில் எர்னிங்கின் வண்டி மட்டும் நின்றது. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பெட்டி கட்டிய வண்டி. எர்னிங் வாயைத் திறந்தால் வண்டியே வெட்கப்பட்டு நின்றுவிடும், அப்படிப் பேசுவான். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை. பையைக் கட்டினான். ஏறச் சொல்லித் தலையை ஆட்டினான். வழியெல்லாம் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் பாதையைப் பார்ப்பதுமாக வந்தான். தூக்கக் கலக்கம் என்று அவள் நினைத்தாள். இரண்டு விமானம், ஒரு பேருந்து... அவளுக்கும் உடம்பு மரத்துப்போயிருந்தது.

வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்தான். இன்ஜினை அணைக்கவில்லை.

“அக்கா... நேத்து இதே நேரத்துக்கு உங்களை இங்கதானே இறக்கிவிட்டேன். எப்போ திரும்பிப் போனீங்க?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பதிலுக்கு நிற்கவில்லை. போன வேகத்தில் அவன் வீட்டுக்குப் போய்விட்டான், அவன் நிழல் மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தது.

எர்னிங் பொய் சொல்லவில்லை. முந்தின நாளே ஊரில் பாதி வீட்டுக்குச் சாக்லேட் வந்துவிட்டது. ஜோய்லின்தான் வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா வந்திருக்கிறாள், களைப்பாகப் படுத்திருக்கிறாள், நாளைக்கு வந்து பாருங்கள் என்றாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. பேய் கொடுத்த சாக்லேட்டைத் தின்ற ஒரே கத்தோலிக்கன் நான்தான். சோப்பு மணத்தது. இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

“என் வீட்டுக்கும் வந்துச்சு” என்றாள் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, மெதுவாக.

“பெட்டியில வந்த சாக்லேட்டு அது” என்றான் நெஸ்தோர். “அவ கப்பல்ல அனுப்பற பெட்டி மாசாமாசம் வருதில்ல.”

இருக்கட்டும். எடித்தா கதவுக்கு முன்னால் நின்றாள். பச்சை வர்ணம் அடித்த இரும்புக் கதவு. அவள் அனுப்பிய பணத்தில் போட்டது. ஃபோனில் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கம்பிக்குள் கையை விட்டுத் தடவினாள். இரும்பு சில்லென்றிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. சமையல்கட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். சரக்... சரக்... சரக்...

ஜோய்லின் சிரிப்பது கேட்டது. கூடவே இன்னொருத்தியும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எடித்தாவுக்குத் தெரியும். வீட்டுக்கு அனுப்பும் குரல் செய்திகளை ஒரு தடவை தானே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள். அதில் வருகிற சிரிப்பு அது.

“நெஸ்தோர்” என்று கூப்பிட்டாள்.

அவன் வெளியே வந்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். பார்த்தான். உள்ளே திரும்பிப் போனான். மறுபடியும் வந்தான். நாய் அவன் காலடியில் வந்து படுத்துக்கொண்டது, குரைக்கவில்லை.

“எடித்தா உள்ள இருக்கா” என்றான். “நேத்தே வந்துட்டா.”

“நான்தான் நெஸ்தோர்.”

“போயிடு.”

இரைந்து சொல்லவில்லை. கடை மூடியாகிவிட்டது என்று கடைக்காரன் சொல்வதுபோலச் சொன்னான்.

பிற்பாடு எடித்தா இதை என் சமையல்கட்டில் உட்கார்ந்து சொன்னாள். அழுகை வருமென்று காத்திருந்தாளாம், வரவில்லையாம். பயமும் வரவில்லையாம். கொசு கடித்ததுகூடத் தெரியவில்லையாம். திரும்பிப் போக வண்டி இல்லை. உலகத்தில் தட்டுவதற்கு அவளுக்கு வேறு கதவும் இல்லை. அதனால் நின்றாள். யாரோ வேறொருத்தியின் பையைக் காவல் காப்பவள் மாதிரி நின்றாள்.

சத்தம் கேட்டு ஜோய்லின் வந்தாள். பதினொரு வயது. ஃபோன் திரையில் பார்த்ததைவிட ரொம்ப உயரம். காலில் புது ஷூ. வெள்ளை, பக்கத்தில் சிவப்புக் கோடு. எடித்தா அந்த ஷூவைப் பார்த்தாள். பையின் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தாள். வெள்ளை ஷூ, சிவப்புக் கோடு. அச்சு அசல் அதே.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? பிள்ளையின் காலைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். அந்தத் தடத்தைக் கடையில் வைத்துப் பார்த்து அவர்கள் ஷூ வாங்குவார்கள். எடித்தாவும் அப்படித்தான் வாங்கினாள்.

ஷூவைக் கம்பி வழியாக உள்ளே தள்ளினாள். ஜோய்லின் தரையில் உட்கார்ந்து, போட்டிருந்த ஒன்றைக் கழற்றிவிட்டு இதற்குள் காலை நுழைத்தாள். விரல்கள் முட்டின. குதிகால் உள்ளே போகவில்லை. எழுந்து நின்று அழுத்திப் பார்த்தாள். போகவே இல்லை.

“பாரு. அளவுகூடத் தெரியல அவளுக்கு” என்றான் நெஸ்தோர்.

தடம் வரைந்து அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃபோனில் முகம் தெரியும். கால் தெரிந்ததே இல்லை.

சமையல்கட்டில் சரக்... சரக்... நிற்காமல் கேட்டது. வாசலில் ஒருத்தி வந்து நிற்கிறாள், வீட்டுக்காரனும் பிள்ளையும் அங்கே நிற்கிறார்கள், உள்ளே இருப்பவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. துருவிக்கொண்டேயிருந்தாள்.

ஜோய்லின் அந்தச் சின்ன ஷூவை மடியில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பா, உள்ள இருக்கிற அம்மாவுக்கு என் கால் எப்படித் தெரிஞ்சுது?”

அவன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“சரியா வாங்கிட்டு வந்தாங்களே. அம்மா என் காலைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சே.”

துருவும் சத்தம் நின்றது.

அதே நேரம் கோயில் மணி அடித்தது, பூசைக்கு முதல் மணி. ஜோய்லின் எழுந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். கதவின் மேல் மூலையில், எடித்தாவின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்த தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் மசாலா சேர்ப்பது வழக்கம். கதவு திறந்ததும் வீடு குலுங்கியது, கூரை மூன்று முழம் மேலே எழும்பி மறுபடியும் வந்து உட்கார்ந்தது, சமையல்கட்டிலிருந்து எழுந்த ஓலம் லுசேனா நகரம் வரைக்கும் கேட்டு அங்கே இரண்டு கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது என்று கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“கூரையெல்லாம் எழும்பல” என்றான் நெஸ்தோர்.

சீட்டைப் பார்த்துத்தான் சொன்னான். கடலை உரிக்கும் சத்தம் நின்றது. எட்டு வருஷத்தில் இந்தக் கதையை அவன் எதிரில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கூரையை மட்டும் அவன் மறுத்தது அன்றைக்குத்தான்.

“சரி” என்றேன். “கூரை எழும்பல.”

குரலை இறக்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னேன். சமையல்கட்டில் யாரும் இல்லை. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது. தட்டில் தேங்காய்ப்பூ குவிந்து கிடந்தது. துருவுபலகை மட்டும் காய்ந்திருந்தது, பல்லில் ஒரு துணுக்குகூட ஒட்டவில்லை. வெளிநாட்டுப் பெட்டியை அறுத்துத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசம் வருமே... சோப்பும் புதுத் துணியும் அட்டையும் கலந்த வாசம். அது வீடு முழுக்க நின்றது. அப்புறம் அதுவும் போய்விட்டது.

எடித்தா உள்ளே வந்தாள். குவளை எங்கே இருக்கிறது என்று மகளிடம் கேட்டுத் தண்ணீர் குடித்தாள். மூன்று பேரும் பூசைக்குப் போனார்கள். ஜோய்லின் இரண்டு ஜோடி ஷூவையும் விட்டுவிட்டு ரப்பர் செருப்போடு நடந்தாள். யாரும் கத்தவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. புத்தாண்டு முடிந்ததும் எடித்தா பையைக் கட்டிக்கொண்டு சைப்ரஸுக்குப் போனாள். அதற்குப் பிறகு சொல்லாமல் வந்ததே கிடையாது. மணிலாவில் இறங்கியதும் ஒரு தடவை, பேருந்தில் ஏறியதும் ஒரு தடவை, முக்கில் நின்றுகொண்டு ஒரு தடவை ஃபோனில் கூப்பிட்டு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டுதான் வருவாள்.

கதை முடிந்தது. தார்ப்பாயிலிருந்து பனி சொட்டியது. உள்ளே மெழுகுவர்த்தி ஒன்று படபடத்து அடங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் நெஸ்தோர், எல்லாம் இந்தக் கார்டிங் கிழவன் கட்டிவிட்டது என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த காப்பி வரும்.

அவன் கையிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

“நடந்தது” என்றான்.

பாசிங் காப்பிக் கெண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

“முதல் ராத்திரியே எனக்குத் தெரியும். பக்கத்துல வந்து படுத்தா... பாய் அமுங்கல. மூச்சுச் சத்தம் இல்ல. ஆனா பொண்ணு அன்னிக்குப் பூரா சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. சரி, கிறிஸ்மஸ் வரைக்கும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

எதையாவது கூட்டிச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை.

“மறுநாள் கேட்டுல வந்து ஒருத்தி நின்னா. வேர்வை நாத்தம். கண்ணெல்லாம் வீங்கி. பார்த்ததுமே தெரிஞ்சுது, அவதான் என் பொண்டாட்டின்னு.” கவிழ்த்து வைத்த சீட்டுகளை நேராக அடுக்கினான். “தெரிஞ்சுதான் போகச் சொன்னேன்.”