வளைவில் மணல்

எனக்கு உட்கார்ந்து பேச வராது, சார். நடந்துகொண்டே சொன்னால் உங்களுக்குத் தொந்தரவு இல்லையே? கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டிலும் இப்படித்தான். "ஏங்க, சாப்பிடுறப்பவாவது ஒரு இடத்துல உக்காருங்களேன். பாக்குற எனக்குக் கால் வலிக்குது" என்பாள் மனைவி. சின்ன வயதிலிருந்தே என் காலுக்குள் ஏதோ ஊர்ந்துகொண்டே இருக்கும். ரோந்து வண்டியில் ஏறினால்தான் அது அடங்கும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

எங்கள் எல்லை கடலோர நெடுஞ்சாலை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெறும் பொட்டல், நடுவில் ஒரு வளைவு. ராத்திரியெல்லாம் காற்று மணலை அள்ளிவந்து அந்த வளைவில் கொட்டும். சலித்த மாவு மாதிரி மணல். கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். அதைக் கூட்டுவது யார் வேலை என்று எந்த உத்தரவிலும் கிடையாது. விடிந்ததும் நானும் என் ஓட்டுநரும் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, விளக்கைச் சுழலவிட்டு, ஆளுக்கொரு துடைப்பத்தோடு இறங்குவோம்.

ஓட்டுநரை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் சட்டை மடிப்புக் கலையாமல் வருவான், அதனால். கூட்டும்போது வாய் சும்மா இருக்காது. "போலீஸ் வேலைன்னு சொல்லித்தான் பொண்ணு குடுத்தாங்கண்ணே. மாமியா இந்தப் பக்கம் பஸ்ல வந்தாங்கன்னா என் மானம் கப்பலேறிடும்" என்பான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் நன்றாகக் கூட்டினோம். அதுதான் வினையாகிவிட்டது. மேலதிகாரி ஒருநாள் வந்தார். "ஒண்ணுமே நடக்காத ரோட்டுக்கு எதுக்குய்யா வண்டி, ஆளு, டீசலு? இந்த ரோந்தையே எடுத்துடலாம்னு இருக்கேன். உனக்கும் வயசாகுது. ஆபீசுக்கு வந்து ஃபேனுக்குக் கீழ நிம்மதியா உக்காரு" என்றார். பாவம், எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரைப் பார்த்தபடி. அன்று வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில், "முதுகு புடிச்சிக்கிச்சு மாப்பிள்ளை, இன்னைக்கு விட்டுடு" என்றேன். "நீங்க வண்டியில இருங்கண்ணே, நான் ஒருத்தனே கூட்டிடுறேன்" என்றான். டீசல் போட்டுவரச் சொல்லி அவனை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒரு பால் வேன் சறுக்கித் தடுப்பில் மோதியது. பால்தான் கொட்டியது. பல நாளாகத் தூங்கிக்கிடந்த வண்டி வயர்லெஸ் மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அப்புறம் இரண்டொரு நாள் விட்டு, பைக்கில் வந்த புருஷன் பெண்டாட்டி விழுந்தார்கள். அந்த அம்மாவுக்குத் தொடை எலும்பு போயிற்று. உடனே தூக்கிவந்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டரே சொன்னார். மேலதிகாரி, "நல்லவேளைய்யா, அங்க நீங்க இருந்தீங்க. ரோந்து இப்போதைக்கு இருக்கட்டும்" என்றார். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன், சார். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பிறகு காற்று நின்றுவிட்டது. வாரக்கணக்கில் ஓர் இலை அசையவில்லை. சாலை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மேலதிகாரி மறுபடியும் அந்த நாற்காலிப் பேச்சை எடுத்தார். என் கால் மறுபடியும் ஆரம்பித்தது.

மாப்பிள்ளை லீவு போட்டிருந்த நாள் அது. கரையிலிருந்து இரண்டு சாக்கு மணலை நானே சுமந்துவந்தேன். குவியலாகத் தெரியக்கூடாது என்று கையாலேயே பரப்பினேன். மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஒரு பைக் வந்தது. வளைவுக்கு முன்னால் நின்றது. மாப்பிள்ளை. பெண் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கப் போனவன். இறங்கி, மணலைப் பார்த்தான். காற்றில்லாத நாளில் இது எப்படி வந்தது என்று யோசித்தானோ என்னவோ. சட்டையைக் கழற்றி, அதையே துடைப்பமாக்கி, குனிந்து கூட்ட ஆரம்பித்தான்.

லாரி வருவது அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. ஹாரனில் என் கை இருந்தது. அடித்திருந்தால் நிமிர்ந்திருப்பான், விலகியிருப்பான். அங்கே என்னையும் பார்த்திருப்பான்.

பக்கத்து அறையில் அந்த லாரிக்காரர், "மண்ணு இருந்துச்சு சார், பிரேக் புடிக்கல சார்" என்று அழுதுகொண்டே இருக்கிறார். அவரை விட்டுவிடுங்கள். அவர் சொல்வது உண்மை. மோதியதும் தலை சுற்றி ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துவிட்டார், அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளைக்கு நினைவு இருந்தது. நான் ஓடிவருவதைப் பார்த்து, "வந்துட்டீங்களாண்ணே" என்றான். பயம் போன குரலில் சொன்னான். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறாராம். அவன் பெண்டாட்டி என் காலில் விழுந்து, "ஏண்ணே லேட்டாச்சு" என்று கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? இன்னொரு வண்டி வந்து மோதிவிடக் கூடாது, அதனால் முதலில் சாலையைப் பத்திரப்படுத்த வேண்டும், பிறகுதான் ஆளைத் தொட வேண்டும். எங்களுக்குப் பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வண்டியிலிருந்து துடைப்பத்தை எடுத்து, ஒரு பிடி மணல் மிச்சமில்லாமல் வளைவு முழுவதையும் கூட்டி முடித்துவிட்டு, அவனிடம் போனேன்.