காலிக் கட்டத்தில் ஒருத்தி

ஹலோ... ஹலோ, சார், கேக்குதா?... ஆமா ஆமா, நான்தான். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க... சொல்றேன், முதல்ல கீபோர்டுல இருந்து கையை எடுங்க.

...பேயுமில்ல, பிசாசுமில்ல. நம்ம க்ளையன்ட், அந்த உதவி மையத்துல இருந்து அப்படியா சொன்னாங்க? அவங்க வெப்சைட்ல காலி ஃபார்மைத் திறந்தா உள்ளே ஒரு பொண்ணு அழுவுறான்னு?... ம்... ம்... நானும் திறந்து பாத்தேன் சார். நான் ஒரு எழுத்துகூட அடிக்கல. திறக்கும்போதே செய்திக் கட்டத்துல இருக்கு: "வெளியே பூட்டியிருக்கு. என் போனைப் புடுங்கிட்டான். யாராவது வாங்க."

...டெஸ்ட் டேட்டாவா? நம்ம பசங்க 'அஆஇஈ'ன்னு அடிச்சிட்டு டீ குடிக்கப் போறவனுங்க. இப்படியா எழுதுவானுங்க?

...எப்படி வந்துச்சா? நீங்க எழுதின ப்ரோக்ராம்தான். ஃபார்மை ஃபங்ஷனுக்குள்ள ஆளுக்கு ஒண்ணுன்னு புதுசா உருவாக்காம, ஃபைல் தலையிலயே ஒரே தடவை உருவாக்கி வெச்சிருக்கீங்க. வர்றவங்க எல்லாருக்கும் அதே ஃபார்ம். சாப்பிட்ட தட்டைக் கழுவாம அடுத்தவங்களுக்கு வெக்கிற மாதிரி. முன்னாடி ஆள் எழுதினதை டெம்ப்ளேட் அப்படியே தூக்கி அடுத்த ஆளுக்குக் காட்டுது... ஆமா, அன்னிக்கே சொன்னேன். நேத்து டிகிரி வாங்கினவ எனக்கு பைத்தான் சொல்லித் தர்றியான்னு கேட்டீங்க. ஆமா சார், எங்க வீட்ல டிகிரி வாங்கின முதல் ஆளே நான்தான், அதனாலதான்... விடுங்க. இப்ப அது முக்கியமில்ல.

...டேட்டாபேஸ் டேபிள்ல தேடாதீங்க, இருக்காது. போன் நம்பர் கட்டாயம்னு வெச்சீங்கல்ல? அவகிட்ட போனே இல்ல, அங்கே இருக்கிற ஏதோ கம்ப்யூட்டர்ல இருந்து அடிக்கிறா. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டு அனுப்புறா. நம்ம ப்ரோக்ராம் சேமிக்காம, 'நம்பர் தேவை'ன்னு சிவப்புல திருப்பி அனுப்புது. அவ எழுதினது அந்த ஃபார்முல மட்டும்தான் ஒட்டிக்கிட்டிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணினா அதுவும் போயிடும்... ஏதாவது பொய் நம்பர் அடிக்க வேண்டியதுதானேவா? பூட்டின ரூம்ல இருக்கிறவளுக்கு அதெல்லாம் தோணுமா சார்?

...இருங்க. இருங்க இருங்க. ரீஃப்ரெஷ் பண்ணினேன், வார்த்தை மாறியிருக்கு. "யாராவது படிக்கிறீங்களா?"... சார், அவ இப்ப அங்கே உக்காந்திருக்கா. இந்த நிமிஷம்.

...ப்ரோக்ராமைத் தொட்டா சர்வர் ரீஸ்டார்ட் ஆகும். திரையில காட்டுற டெம்ப்ளேட்டைத் தொட்டா ஆகாது. அந்தச் சிவப்பு வரியை மாத்துறேன்... யார்கிட்ட அனுமதி வாங்கணும்? போட்டாச்சு. "படிக்கிறேன். எங்க இருக்கீங்க?" அடுத்த தடவை அனுப்பினா, 'நம்பர் தேவை' வர்ற இடத்துல இதைப் பாப்பா.

...இல்ல. இன்னும் பழசுதான்... இல்ல... கொஞ்சம் பேசாம இருங்க சார்.

...வந்துடுச்சு! "டயர் கடைக்கு மேல. மூணாவது மாடி. தெரு பேரு தெரியல, ராத்திரிலதான் கூட்டிட்டு..." அவ்ளோதான். பாதியில நிக்குது... ஊர்ல ஆயிரம் டயர் கடை இருக்குன்னு எனக்கும் தெரியும்!... கத்தல... சரி, கத்துறேன். இப்ப என்ன?

..."ஜன்னல்ல இருந்து என்ன தெரியுது?" மாத்திட்டேன். அனுப்பும்மா... அனுப்பு...

...ம்?... சார். கட்டம் காலியாயிடுச்சு. சர்வர்ல கைய வெச்சிட்டீங்களா?... சத்தியமா?... அப்போ எப்படி... இருங்க, டேபிள்ல புதுசா ஒரு வரி. இந்தத் தடவை ஏத்துக்கிட்டிருக்கு, அதான் கட்டம் காலி.

...படிக்கிறேன், படிக்கிறேன். "குழந்தை விளையாட்டா அனுப்பிடுச்சு. இங்கே ஒரு பிரச்சனையும் இல்லை. மன்னிக்கவும்."

...என்ன அப்பாடா? சார், பேரு இருக்கு. போன் நம்பர் இருக்கு. ஒரு கட்டம் விடாம அழகா நிரப்பியிருக்கு... ம்... ஆமா. அவ இல்ல. அந்த நாற்காலியில இப்ப வேற ஆள் உக்காந்திருக்கான். எங்க இருக்கீங்கன்னு நான் சிவப்புல கேட்டேன்ல... அதை அவன் படிச்சிருக்கான்.

...இல்ல, அழல... அந்த நம்பருக்கா? பைத்தியமா உங்களுக்கு, அதுக்குப் போன் பண்ணினா அவளை என்ன பண்ணுவானோ! நம்பர் இருக்கு, டயர் கடைன்னு இருக்கு, போலீசைக் கூப்பிட இது போதும். லைனை விடுங்க... க்ளையன்ட் கிட்ட அப்புறம் பேசிக்கலாம்... சார், லைனை விடுங்க... அந்தச் சிவப்பு வரி அப்படியேதான் இருக்கும், அவ திரும்ப வந்தா பாக்கட்டும், எடுக்க மாட்டேன்... யோவ், வைய்யா போனை!